நெல் அலியூரானில் பிரெஃபெல்டின் போட்டும் அமைலேஸ் வெளியே வருகிறது: தடை எங்கே என்று எப்படிக் காட்டுவது?

குடந்தைமாணவி (கும்பகோணம்)

வணக்கம். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் புராஜெக்ட். முளைக்கும் நெல்லின் அலியூரானில் (மாவைச் சூழ்ந்த உயிருள்ள செல் படலம்) சுரக்கும் ஆல்ஃபா அமைலேஸ் (ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி) எந்த வழியாகச் செல்லை விட்டு வெளியேறுகிறது, எந்த இடத்தில் தடுத்தால் எங்கே தேங்குகிறது என்று காட்ட வேண்டும்.

செய்முறை இதுதான். ஏ.டி.டி. 43 நெல்லை உமி நீக்கி, கருவுள்ள பாதியை வெட்டி எறிந்துவிட்டு, கரு இல்லாத பாதியை மட்டும் எடுத்தேன். சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சுத்தம் செய்து, 10 அரைவிதைகளுக்கு 2 மி.லி. என்ற கணக்கில் 20 மில்லிமோலார் சக்சினேட் பஃபர் (பி.ஹெச். 5.0), 20 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 1 மைக்ரோமோலார் ஜிப்ரெல்லிக் அமிலம் (அமைலேஸ் உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன், ஜிப்ரெல்லின்). 30 டிகிரியில் மெதுவான குலுக்கல். 48 மணி நேரத்தில் பிரெஃபெல்டின் ஏ (செல்லுக்குள் புரதப் போக்குவரத்தைத் தடுக்கும் மருந்து) 50 மைக்ரோமோலார் சேர்த்து, 72 மணி நேரத்தில் ஊடகத்தை எடுத்து டி.என்.எஸ். முறையில் (விளையும் சர்க்கரையை நிறத்தால் அளப்பது) அளந்தேன். அளவீட்டு பஃபர் 20 மில்லிமோலார் பாஸ்பேட், பி.ஹெச். 6.9.

பிரெஃபெல்டின் போட்டதில் நொதி ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. ஜிப்ரெல்லின் போடாத கன்ட்ரோலிலும் கணிசமாக நொதி தெரிகிறது. நெல்லில் இந்த மருந்து வேலை செய்யாதா? வேலை செய்கிறது என்றால் நொதி ஈ.ஆரில் (எண்டோபிளாச வலை, சுரக்கும் புரதம் உருவாகி மடியும் இடம்) நிற்கிறதா கோல்கையில் (அடுத்து அதைத் திருத்தி அனுப்பும் தட்டுகள்) நிற்கிறதா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

இன்னொன்று, வைவாவுக்காக: அதே அலியூரான் செல் சில புரதங்களை வாக்குவோலுக்கு (செல்லுக்குள் இருக்கும் பெரிய பை) அனுப்புகிறது. அமைலேஸ் மட்டும் வெளியே போவது எந்த அடையாளத்தால்?

---

தவிட்டுப்படலம் (தஞ்சாவூர்)

மருந்தைக் குறை சொல்லும் முன் நேரத்தைப் பாருங்கள் தங்கச்சி. 48 மணி நேரம் தூண்டப்பட்ட அரைவிதையில் அதற்குள் சுரந்த நொதியெல்லாம் மாவுப்பகுதியில் ஊறிக் கிடக்கிறது. நீங்கள் மருந்து போட்ட பிறகு ஊடகத்துக்கு வருவதில் பெரும்பங்கு அந்தப் பழைய சரக்கு. மதகை அடைத்த பிறகும் வாய்க்காலில் நிற்கிற தண்ணீர் வயலுக்குள் பாயத்தானே செய்யும்?

அடுத்தது ஊடுருவல். அரைவிதையைச் சுற்றி கனியுறையும் விதையுறையும் அப்படியே இருக்கின்றன. மருந்து வெட்டுமுகம் வழியாக மாவைக் கடந்து படலத்துக்குப் போக வேண்டும். ஜிப்ரெல்லினுக்கு இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது, அது போய்ச் சேர்ந்துவிடும். சில மணி நேரத்தில் விளைவு காட்ட வேண்டிய தடுப்பானுக்கு இது தோதான பொருள் அல்ல. பார்லியில் படலம் பெரும்பாலும் மூன்று அடுக்கு, ஊறிய விதையிலிருந்து உரித்தெடுக்கலாம். பழைய ஆய்வுகள் அத்தனையும் ஹிமாலயா பார்லியில் நடந்ததற்குக் காரணம் அதுதான். நெல்லில் பெரும்பகுதி ஒரே அடுக்கு, உரிக்கப் போனால் கிழியும்.

ஆகவே ஸ்குடெல்லத்துக்கு (கருவில் மாவை ஒட்டியிருக்கும் கேடயத் திசு) மாறுங்கள். நெல் முளைக்கும்போது அமைலேஸ் முதலில் சுரப்பது ஸ்குடெல்லத்தின் மேல்தோல் செல்கள்தான், அலியூரான் பிறகுதான் சேர்ந்துகொள்கிறது. 1980களில் நகோயா பல்கலைக்கழகத்தில் அகசாவா குழு நெல் அமைலேஸ் சுரப்பை ஆராய்ந்ததும் ஸ்குடெல்லத்தில்தான். முளைவிட்டு இரண்டு மூன்று நாள் ஆன விதையில் தண்டையும் வேரையும் நறுக்கிவிட்டு, கேடயம் போன்ற பகுதியை ஸ்கால்பெல் நுனியால் மாவிலிருந்து நெம்பினால் முழுதாக வரும். ஒட்டிய மாவுப்பாலை பஃபரில் அலசி, அரை மணி நேரம் புதிய பஃபரில் வையுங்கள். வெட்டுக்காயத்தில் கசிவது அதில் போய்விடும். 20 ஸ்குடெல்லத்துக்கு 2 மி.லி. போதும். கரு ஏற்கெனவே தூண்டிவிட்டதால் இந்தச் சில மணி நேரத்துக்கு வெளியிலிருந்து ஜிப்ரெல்லின் தேவைப்படாது.

பிறகு, பிரெஃபெல்டினோடு அரை மணி முன்னூறல். அதன்பின் சைக்ளோஹெக்சிமைடு மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் சேருங்கள். புதுப் புரத ஆக்கம் நின்றுவிடும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் நொதியின் பயணத்தை மட்டும் 0, 1, 2, 4 மணி நேரங்களில் பார்க்கிறீர்கள். நான்கு மணிக்கு மேல் நீட்டாதீர்கள். மருந்து நீண்ட நேரம் இருந்தால் ஈ.ஆரில் புரதம் குவிந்து அழுத்த எதிர்வினை கிளம்பும், பி.ஐ.பி. (மடிப்புக்கு உதவும் ஈ.ஆர். புரதம்) கூடும், புரத ஆக்கமே மாறிப்போகும். 24 மணி நேரம் வைத்தால் "சுரப்பு தடைப்பட்டதா, உற்பத்தி குறைந்ததா" என்று பிரிக்க வழியே இல்லை.

ஒவ்வொரு நேரத்திலும் மூன்று இடத்தை அளக்க வேண்டும்: ஊடகம், செல்சுவர், செல்லின் உள்ளே. சுவரை விட்டுவிட்டால் கணக்கு உதைக்கும். சவ்வைத் தாண்டிய நொதி சுவரில் ஒட்டிக்கொண்டு மெல்லத்தான் ஊடகத்துக்கு வரும். சுவரில் இருப்பதை அமில அலசலால் பிடிக்கலாம். பி.ஹெச். 3 வரை நீர்த்த குளிர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு நிமிடம், உடனே பஃபரில் மூன்று அலசல். சவ்வுக்கு வெளியே இருக்கும் அமைலேஸ் செத்துவிடும், உள்ளே இருப்பது தப்பும். அலசியதையும் அலசாததையும் அரைத்து அளந்தால் வித்தியாசம்தான் சுவர்ப்பங்கு. முதலில் ஊடகத்து நொதியையே அந்த அமிலத்தில் ஒரு நிமிடம் வைத்து முழுதும் செயலிழக்கிறதா என்று பாருங்கள். செல்கள் தாங்குகின்றனவா என்பதை 0.25 சதவீத எவான்ஸ் புளூவில் பாருங்கள், செத்த செல் நீலமாகும்.

மருந்து வேலை செய்தால் உள்பங்கு இறங்காமல் நிற்கும், மூன்றின் கூட்டுத்தொகை மாறாது. கூட்டுத்தொகையே சரிந்தால் நொதி உள்ளேயே சிதைகிறது. ஊடகப்பங்கு ஏறினால் அது சுரப்பா, செல் உடைந்து கசிந்ததா என்று பார்க்க, ஊடகத்தில் மேலேட் டிஹைட்ரஜனேஸை 340 நானோமீட்டரில் உடனுக்குடன் அளவிடுங்கள். அது சைட்டோசாலிலும் உறுப்புகளுக்குள்ளும் இருப்பது, சுரக்கப்படுவதல்ல. ஊடகத்தில் தென்பட்டால் செல் உடைந்திருக்கிறது.

மருந்தைக் கழுவிவிட்டால் சுரப்பு மீள வேண்டும். இந்த மீட்சிக் கன்ட்ரோல் இல்லாத பிரெஃபெல்டின் முடிவை எந்தத் தேர்வாளரும் ஏற்க மாட்டார்.

---

வடவாற்றங்கரை (மன்னார்குடி)

அளவீட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே.

பாஸ்பேட் 6.9 என்பது எச்சில் அமைலேஸுக்கும் கணைய அமைலேஸுக்கும் எழுதிய செய்முறை. நம் ஊர் பிராக்டிகல் நோட்டுகளில் அதையே எல்லா அமைலேஸுக்கும் காப்பியடித்து வைத்திருக்கிறார்கள். தானிய அமைலேஸுக்கு பி.ஹெச். 5 முதல் 5.5 தான் சரி. அதோடு உங்கள் மாதிரியில் 20 மில்லிமோலார் கால்சியம் இருக்கிறது. பாஸ்பேட் பட்டதும் கால்சியம் பாஸ்பேட்டாக வெண்கலங்கல் விழும். அந்தக் கலங்கல் 540இல் அளவைக் கூட்டிக் காட்டும், நொதிக்கு வேண்டிய கால்சியமும் போய்விடும். 50 மில்லிமோலார் அசிட்டேட், பி.ஹெச். 5.2, கால்சியம் 5 மில்லிமோலார் என்று மாற்றுங்கள். சிட்ரேட்டும் வேண்டாம், அதுவும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அரைவிதை ஊடகத்தில் மால்டோசும் குளுக்கோசும் ஏற்கெனவே நிறைய இருக்கும். டி.என்.எஸ். ஒடுக்கும் சர்க்கரை எதைப் பார்த்தாலும் சிவக்கும். பூஜ்ய நேர பிளாங்க் வைத்தாலும் பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கிற கதை. ஸ்டார்ச் அயோடின் முறைக்குப் போங்கள்: 0.1 சதவீத கரையும் ஸ்டார்ச், வினையை அயோடின் கலந்த அமிலத்தால் நிறுத்தி 620இல் நீலம் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். பாதி ஸ்டார்ச் தீரும் முன்பே நிறுத்தினால்தான் நேர்கோடு கிடைக்கும். பீட்டா அமைலேஸ் சந்தேகம் இருந்தால் மாதிரியில் கால்சியம் இருக்கும்போதே 70 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். பீட்டா போய்விடும், ஆல்ஃபா பெரும்பாலும் நிற்கும்.

ஜிப்ரெல்லின் இல்லாத கன்ட்ரோலில் நொதி வருவதற்கு முதல் சந்தேகம் பாக்டீரியா. பாசில்லஸ் வகையறா ஸ்டார்ச்சைத் தின்னும், நெல்லின் வெட்டுமுகத்தில் கொண்டாட்டமாக வளரும். சூடோமோனாஸ் விதைநேர்த்தி செய்த மூட்டையிலிருந்து எடுத்த விதை என்றால் கேட்கவே வேண்டாம். நேர்த்தி செய்யாத விதை வாங்குங்கள், செஃபோடாக்சிம் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) மி.லி.க்கு 250 மைக்ரோகிராம் சேருங்கள், ஊடகத்தில் ஒரு துளியை ஸ்டார்ச் அகாரில் தடவி ஓர் இரவு வையுங்கள்.

இரண்டாவது சந்தேகம் ஐப்பசி மழை. குறுவைக் கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்திருந்தால் கண்ணுக்கு முளை தெரியாத மணியிலும் அமைலேஸ் கிளம்பியிருக்கும். ஊறவைக்காத உலர்ந்த விதையை அரைத்து அளந்து பாருங்கள். அதிலேயே நொதி இருந்தால் அந்த விதைத்தொகுதி உங்கள் வேலைக்கு உதவாது. மாறாக, புது நெல் முளைக்கவே மறுத்தால் விதை உறக்கம். உலர்ந்த விதையை 50 டிகிரி அவனில் ஐந்து நாள் வைத்தால் கலையும்.

---

குடந்தைமாணவி

மிக்க நன்றி அண்ணே, சார். குறுவை விதைதான், மழைக்குப் பிறகு அறுத்தது. உலர்விதையை இன்றே பார்த்துவிடுகிறேன். பிரெஃபெல்டின் விலை கட்டுப்படியாகவில்லை. 5 மி.கி. குப்பிதான் இருக்கிறது. அதற்குப் பதிலாக டியூனிகாமைசின் போட்டு கிளைக்கான் (புரதத்தில் ஒட்டும் சர்க்கரைக் கிளை) சேராமல் தடுத்தால் நொதி ஈ.ஆரில் நிற்காதா? கைடு அதைத்தான் சொல்கிறார்.

---

அரசலாறு (காரைக்கால்)

வேண்டாம். டியூனிகாமைசின் டாலிக்கால் (சர்க்கரைக் கிளையைச் சுமக்கும் ஈ.ஆர். சவ்வுக் கொழுப்பு) மேல் முதல் சர்க்கரை ஏறுவதையே தடுக்கிறது. அதனால் செல்லில் கிளைக்கான் வேண்டிய எல்லாப் புரதங்களும் ஒரே நேரத்தில் மடிப்புக் கோணி, ஈ.ஆர். அழுத்தம் ஏறி, புரத ஆக்கம் குறையும். அமைலேஸ் வெளியே வராவிட்டால் போக்குவரத்து நின்றதா, நொதி சரியாக மடியவில்லையா, உற்பத்தியே ஆகவில்லையா என்று சொல்ல முடியாது. பார்லி அமைலேஸில் பெரும்பாலும் N-இணைப்புச் சர்க்கரையே (ஆஸ்பராஜினின் நைட்ரஜனில் ஒட்டும் கிளைக்கான்) இல்லை, அது பாட்டுக்குச் சுரக்கிறது. ஆகவே கிளைக்கான்தான் வெளியேறும் சீட்டு என்ற எண்ணமும் சரியல்ல.

உங்கள் 5 மி.கி.யே ஏராளம். மூலக்கூறு எடை 280.4. 1.78 மி.லி. டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்தால் 10 மில்லிமோலார். ஒரு மி.லி. ஊடகத்துக்கு 5 மைக்ரோலிட்டர் போட்டால் 50 மைக்ரோமோலார், டி.எம்.எஸ்.ஓ. 0.5 சதவீதம். கன்ட்ரோலிலும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. கட்டாயம். 2 மி.லி. குப்பிகளாகப் போட்டால் நூற்று எழுபதுக்கு மேல் வரும்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி, ஈ.ஆரா கோல்கையா. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிரெஃபெல்டின் ஈ.ஆரிலிருந்து முன்னே போகும் சரக்குப் பைகளை (வெசிக்கிள்) உருவாக்கும் காப்-2 புரத உறையை நேரடியாகத் தொடுவதில்லை. அந்த உறை சார்1 என்ற ஜி.டி.பி.யேஸ் (சுவிட்ச் போல் இயங்கும் புரதம்) கூப்பிட்டு வருவது: முதலில் செக்23, செக்24 ஜோடி சரக்கைத் தேர்ந்தெடுக்கும், மேலே செக்13, செக்31 கூடு கட்டும், 60 முதல் 80 நானோமீட்டர் வெசிக்கிள் பிரியும். மருந்து தாக்குவது ஆர்ஃப்1 என்ற இன்னொரு சுவிட்ச் புரதத்தை உசுப்பும் பரிமாற்றக் காரணியை. ஆர்ஃப்1 உசும்பாவிட்டால் கோல்கையில் காப்-1 உறை ஏறாது, பின்னோக்கி வரும் மீட்புப் போக்குவரத்து குலையும். ஸ்னேர்களும் (வெசிக்கிளைச் சவ்வோடு இணைக்கும் புரதங்கள்) ஏற்பிகளும் திரும்பி வராததால் முன்னோக்கிய ஓட்டமும் சீக்கிரமே நின்றுபோகும். பல செல்களில் கோல்கைத் தட்டுகளே ஈ.ஆரோடு கலந்துவிடும்.

எண்டோ ஹெச் (கிளைக்கானை வெட்டும் நொதி) சோதனையில் இது எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். வழக்கமான வாசிப்பு: எண்டோ ஹெச் வெட்டினால் மேனோஸ் நிறைந்த ஈ.ஆர். நிலைச் சர்க்கரை, வெட்டாவிட்டால் கோல்கை நொதிகள் திருத்திய சர்க்கரை. ஆனால் பிரெஃபெல்டினில் கோல்கை நொதிகளே ஈ.ஆருக்குள் வந்து விழுவதால், ஈ.ஆரை விட்டு அசையாத புரதமும் எண்டோ ஹெச்சுக்கு வெட்டுப்படாததாக மாறக்கூடும். எனவே மருந்திட்ட மாதிரியில் "வெட்டப்படவில்லை, ஆகவே கோல்கையைத் தாண்டியது" என்று எழுதிவிடாதீர்கள். மருந்தில்லாத மாதிரிக்கு அந்த வாதம் செல்லும், மருந்திட்டதற்குச் செல்லாது.

செய்வதானால், மாதிரியை எஸ்.டி.எஸ்.ஸில் கொதிக்கவைத்த பிறகு பி.ஹெச். 5.5 முதல் 6இல் 37 டிகிரி. ஒரு கிளைக்கான் போனால் நகர்வு 2 கிலோடால்டன்தான், குட்டி ஜெல்லில் பட்டைகள் பிரியாது, நீள ஜெல் வேண்டும். எல்லாச் சர்க்கரையையும் நீக்கிய கன்ட்ரோலுக்குப் பி.என்.ஜி.யேஸ் எஃப் வாங்கி ஏமாறாதீர்கள். தாவரச் சிக்கலான கிளைக்கானின் அடிச்சர்க்கரையில் ஆல்ஃபா 1,3 ஃபியூகோஸ் ஒட்டியிருக்கும், எஃப் அதை வெட்டாது. பி.என்.ஜி.யேஸ் ஏ தான் வேண்டும். அதற்கு எஸ்.டி.எஸ். ஆகாது, பெப்சினால் பெப்டைடாக்கிய பிறகு கொடுத்தால் நன்றாக வேலை செய்யும்.

அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தால் மக்னீசியம் இடப்பெயர்ச்சி செய்யலாம், அதாவது சவ்வுகளை அடர்த்தி வாரியாகப் பிரிப்பது. 3 மில்லிமோலார் மக்னீசியத்தில் ரைபோசோம் ஒட்டிய ஈ.ஆர். அடர்த்தி கூடிக் கீழே இறங்கும், ஈ.டி.டி.ஏ.வில் ரைபோசோம் உதிர்ந்து மேலே வரும். கோல்கை இரண்டிலும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். ஆன்டிமைசினுக்கு அசையாத சைட்டோகுரோம் சி ரிடக்டேஸ் ஈ.ஆருக்கு அடையாளம், ஐ.டி.பி.யேஸ் கோல்கைக்கு. அமைலேஸ் பட்டை எதோடு சேர்ந்து நகர்கிறது என்பதுதான் விடை. ஈ.டி.டி.ஏ. பட்ட பின்னங்களில் அளக்கும் முன் கால்சியத்தைத் தேவைக்கு மேல் சேருங்கள், இல்லையென்றால் நொதி இருந்தும் இல்லாததுபோல் தெரியும். பிரெஃபெல்டினில் இரண்டு அடையாளங்களும் ஒரே இடத்தில் வந்தால், தட்டுகள் ஈ.ஆரோடு கலந்துவிட்டன என்பதற்கு நல்ல சான்று. அப்போது "ஈ.ஆர்-கோல்கை கலப்பு உறுப்பில் தேக்கம்" என்று எழுதுங்கள், அதற்கு மேல் துணியாதீர்கள். அராபிடாப்சிஸ் வேரில் ஜி.என்.எல்1 என்ற காரணி மருந்துக்கு மசியாததால் கோல்கை ஈ.ஆரோடு கலப்பதில்லை, புகையிலைச் செல்லில் கலக்கிறது. ஒரு தாவரத்தின் முடிவை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிவைக்க முடியாது.

---

தவிட்டுப்படலம்

அரசலாறு சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நெல்லின் அமைலேஸ் 1-1க்கு N-இணைப்புச் சர்க்கரை உண்டு, ஆகவே எண்டோ ஹெச் வாதமே உங்களுக்குக் கிடைப்பது நெல் என்பதால்தான். அதே நொதி கோல்கை வழியாகப் பிளாஸ்டிடுக்கும் போகிறது என்று ஜப்பானியக் குழு 2009இல் காட்டியிருக்கிறது. உள்பங்கு முழுதும் இறங்காமல் கொஞ்சம் நின்றால் உடனே மருந்தின் வேலை என்று முடிவுகட்டாதீர்கள்.

வைவா கேள்விக்கு வருவோம். அமைலேஸுக்கு "வெளியே போ" என்று தனி அடையாளம் கிடையாது. புரதத்தின் தொடக்க முனையில் (N முனை) இருக்கும் சிக்னல் பெப்டைடு ஈ.ஆருக்குள் நுழைவதற்கு மட்டும்தான், உள்ளே போனதும் வெட்டப்பட்டுவிடும். அதன்பின் வேறு அடையாளம் இல்லாத கரையும் புரதம் ஓட்டத்தோடு பிளாஸ்மா சவ்வு வரை போய்விடும். தங்க வேண்டியதற்கும் திரும்ப வேண்டியதற்கும்தான் சீட்டு தேவை. ஈ.ஆரில் தங்கப் புரதத்தின் கடைசி முனையில் (சி முனை) ஹெச்.டி.ஈ.எல். அல்லது கே.டி.ஈ.எல்., கோல்கைவரை போய்விட்டால் ஏற்பி பிடித்துக் காப்-1இல் ஏற்றித் திருப்பி அனுப்பும். வாக்குவோலுக்குப் போகச் சர்க்கரைவள்ளிக்கிழங்கின் ஸ்போராமினில் என்.பி.ஐ.ஆர். தொடர், புகையிலைக் கைட்டினேஸில் சி முனை வால். அந்த வாலை நறுக்கினால் கைட்டினேஸ் வெளியே சுரந்துவிடும், வேறொரு சுரக்கும் புரதத்தில் ஒட்டினால் அது வாக்குவோலுக்குப் போகும். வைவாவில் இந்த ஒரு சோதனையைச் சொன்னாலே போதும்.

மேனோஸ்-6-பாஸ்பேட் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது விலங்குச் செல்லில் லைசோசோமுக்கான சீட்டு, தாவரத்தில் அந்த வழி கிடையாது. விடைத்தாளில் வருடா வருடம் பார்க்கிற பிழை.

தேர்வாளர் மேலும் கிளறினால் நெல் மணியிலேயே அழகான உதாரணம் இருக்கிறது. மாவுத்திசுச் செல் ஒன்றிலேயே புரோலமின் ஈ.ஆர். உள்ளேயே உருண்டையாகத் திரண்டு முதல் வகைப் புரத உடலமாகத் தங்கிவிடும். குளூட்டலின் 57 கிலோடால்டன் முன்னோடியாக ஈ.ஆரை விட்டுக் கிளம்பி, கோல்கை வழியாகச் சேமிப்பு வாக்குவோலில் சேர்ந்து, அங்கே அமில, காரத் துண்டுகளாக வெட்டப்படும். அவற்றின் எம்.ஆர்.என்.ஏ.கூட ஈ.ஆரின் வெவ்வேறு பகுதிகளில் போய் உட்காருகிறது. டைசல்ஃபைடு ஐசோமரேஸ் (மடிப்புக்கு உதவும் நொதி) பழுதான எஸ்ப்2 என்ற விகாரி நெல்லில் குளூட்டலின் முன்னோடி புரோலமினோடு பின்னிக்கொண்டு ஈ.ஆரிலேயே மாட்டும். எஸ்.டி.எஸ். ஜெல்லில் 57 பட்டை தடித்துத் தெரியும், மணி மாவுபோல் வெளுக்கும். அரிசியை 4 சதவீத எஸ்.டி.எஸ்., 4 மோலார் யூரியா, 5 சதவீத மெர்காப்டோஎத்தனால் கரைசலில் எடுத்தால் ஒரே ஜெல்லில் குளூட்டலினும் புரோலமினும் பார்த்துவிடலாம். பிரெஃபெல்டினுக்கு மாற்றாக, செலவில்லாமல் வரிசைப்படுத்தலைக் காட்ட இதுவும் ஒரு வழி. மருந்துக்குப் பதில் மரபணுப் பழுதே தடையாக நிற்கிறது. விகாரி விதை கிடைக்காவிட்டாலும் முதிராத மணியையும் முதிர்ந்த மணியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் முன்னோடிப் பட்டையின் பங்கு குறைவதைக் காட்டலாம். பூத்து பத்து நாள் ஆன பச்சை மணியைத் திரவ நைட்ரஜனில் போட்டு எடுங்கள். அறைவெப்பத்தில் வைத்தால் வெட்டும் நொதி ஜெல் ஓட்டும் முன்பே தன் வேலையை முடித்துவிடும்.

---

அரசலாறு

மருந்துக் கரைசலை 50 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20இல் வையுங்கள், ஒரு குப்பியை ஒரு தடவைக்கு மேல் உருக்காதீர்கள். ஊடகத்தில் சேர்க்கும்போது குளிர்ந்த பஃபரில் மொத்தமாக ஊற்றினால் வீழ்படிவாகும். 30 டிகிரி ஊடகத்தைக் கலக்கிக்கொண்டே சொட்டாக விடுங்கள். சைக்ளோஹெக்சிமைடு நம் புரத ஆக்கத்தையும் நிறுத்தக்கூடியது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மீந்ததைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள்.